கோதுமை ஆகாத குழந்தைக்கு ஒரு ரொட்டி



கொண்டாப்பூரில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சிற்றுண்டிப் பெட்டியில் ரொட்டித் துண்டு இடம் பெறுவது வழக்கமாகிவிட்டது. ஆயின், சீலியாக் நோய் உள்ள குழந்தைக்கு அந்த ரொட்டியே பகையாகும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம், அத்தகையோரின் சிறுகுடல் உட்சுவரைச் சிதைத்து, உண்ட உணவின் சத்து உடலில் சேராதவாறு தடுக்கின்றது. கோதுமையை விலக்கினால் இக்குழந்தைகள் தேறுகின்றனர் என்பதை டிக்கே என்னும் டச்சு மருத்துவர் 1950-ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் எடுத்துரைத்தார்.

ஐயம் தோன்றியவுடன் நாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. கோதுமை உண்டுவரும் காலத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனைதான் உண்மையைக் காட்டும். ஆதலின் முதலில் மருத்துவரை நாடுக.

கோதுமை மாவை நன்கு புளிக்கவைத்தால் தீங்கில்லை என்பாரும் உளர். அது தவறு. புளிப்பு பசைப்புரதத்தைச் சிறிது குறைக்குமேயன்றி அறவே போக்காது. மாவையே மாற்றுதல் வேண்டும்.

இதற்கு நாம் மலைக்க வேண்டுவதில்லை. இட்லி மாவின் பக்குவம் அறிந்த கைக்குப் பாதி வேலை முடிந்ததே. அம்மாவு பொங்குவதற்கு லியூக்கோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் முதற்காரணம் என்று 1965-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. புளித்த மாவு ரொட்டியிலும் இத்தகைய நுண்ணுயிர்களும் ஈஸ்டுமே பணிபுரிகின்றன. தானியத்திற்கும் இங்குக் குறைவில்லை. தெலுங்கர் இல்லங்களில் அன்றாடம் தட்டும் ஜொன்ன ரொட்டிக்கு உரிய வெள்ளைச் சோளமே போதும். கடையில் சோளமாவு என்றால் மக்காச்சோள மாவைத் தந்துவிடுவர். ஜொன்ன பிண்டி என்றே கேட்டு வாங்குக.

தயிருக்கு உறை போல, ரொட்டிக்குத் தாய்மாவு தேவை. 50 கிராம் சோளமாவை 50 கிராம் நீரில் கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் தளர மூடி வைக்கவும். நாள்தோறும் பாதியை நீக்கி, அதே அளவு மாவும் நீரும் சேர்க்கவும். இரண்டாம் நாள் பொங்கியது பின்னர் அடங்கிவிடலாம், மனந்தளர வேண்டா. ஏறக்குறைய ஒரு வாரத்தில் இனிய புளிப்பு மணத்துடன் ஒழுங்காகப் பொங்கும். பூஞ்சையோ இளஞ்சிவப்பு நிறமோ தோன்றினால் முழுவதையும் எறிந்துவிடுக.

ரொட்டிக்கு: சோளமாவு 150 கிராம், அரிசி மாவு 75 கிராம், ஜவ்வரிசியை நைசாகப் பொடித்த மாவு 75 கிராம், தாய்மாவு 120 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இசப்கோலை 340 மில்லி நீரில் கலக்கிக் கூழாகவிடவும். பசைப்புரதம் இல்லாத மாவில் காற்றைப் பிடித்து நிறுத்துவது இக்கூழே. யாவற்றையும் பிசைந்து, எண்ணெய் தடவிய ரொட்டி அச்சிலிட்டு, மாவு ஒன்றரை மடங்காகும் வரை மூடி வைக்கவும். கோடையில் மூன்று மணியில் ஆகும். மார்கழிக் குளிரில் இரட்டிப்பு நேரம் செல்லும். பின்னர் 210 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம் சுடுக. முற்றும் ஆறிய பின்னரே அறுக்க வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது தூய்மை. குளூட்டன் அற்றது என்று விற்கும் உணவில் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி. கோதுமை அரைத்த மில்லில் சோளத்தை அரைத்தால் அந்த அளவு எளிதில் மீறிவிடும். ஆதலின் தானியத்தைப் பொறுக்கிக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைப்பது நன்று. சப்பாத்திப் பலகையும் மாவுச் சல்லடையும் அக்குழந்தைக்கெனத் தனியே இருக்கட்டும். நம் சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்துள்ளது. பொட்டலத்தின் எழுத்தைப் படித்து வாங்குக.

பாத்திரம் தனியாக இருக்கலாம். பந்தி தனியாக இருத்தலாகாது. இந்த ரொட்டியை வீட்டார் அனைவரும் அமர்ந்து உண்க. தினை, வரகு, கேழ்வரகு கொண்டு செய்து பார்க்கும் சகோதரிகள் தம் பக்குவத்தை இப்பகுதிக்கு எழுதியனுப்பினால், அடுத்த திங்கள் யாவரும் பயன்பெறுவர்.