ஆர்7-ஆ, சிபிஆர்-ஆ? ஒன்ராறியோவில் வீடும் சேர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு

ஏப்ரல் பிறந்து, மழை பெய்து, வீதியில் கிடந்த உப்பெல்லாம் கழுவுப்பட்டதும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கங்களில் மோட்டார் சைக்கிள் சத்தம் தொடங்கிவிடும். அதோடு எங்கட வீடுகளில் ஒரு சண்டையும் தொடங்கும். "எனக்கு ஸ்போர்ட் பைக் வேணும்" என்று பிள்ளை சொல்லும். "முதல்ல என்னைக் கொண்டுபோய் எரிச்சுப்போட்டு வந்து வாங்கு" என்று தாய் சொல்லுவா. தகப்பன் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கதை அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைப்போம்.

முடியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு கூட்டாளியின் கராஜுக்குள் பத்துப் பன்னிரண்டு வருடம் பழசான யமஹா ஆர்6 ஒன்று நிற்கும். காசு கையில் கொடுத்து வாங்கியது. ஹெல்மெற் இரவல். காப்புறுதி யாருடைய பெயரில் என்று கேட்டால் பதில் வராது. வீட்டில் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியபடியால், எந்தப் பைக், எவ்வளவு வலு, யார் காப்புறுதி என்பதையெல்லாம் இருபது வயதுப் பெடியன் தனியே முடிவு செய்கிறான். எங்கட மரண அறிவித்தல்களில் இருபது வயது முகங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நாங்கள், அந்த முடிவு எடுக்கப்படுகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பதில்லை.

இந்த வசந்தத்தில் என் தங்கையின் மகன் என்னிடம் வந்தான். வயது 24. யமஹா ஆர்7, ஹொண்டா சிபிஆர்650ஆர் என்று இரண்டுக்கு வந்து நிற்கிறான். "மாமா, அம்மாவோட நீங்கள்தான் கதைக்கோணும்" என்றான். கதைக்கிறன், ஆனால் அதற்கு முதல் இரண்டையும் நானும் நீயும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்தவைதான் இது. பெடியளுக்கு மட்டுமில்லை, பெற்றோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் பெற்றோருக்கு. ஸ்போர்ட் பைக் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஆர்6 என்பது 599 சிசி, நாலு சிலிண்டர், 115 குதிரைவலுவுக்கு மேல். பந்தயத்துக்கென்று செய்ததை விளக்கும் நம்பர் பிளேற்றும் பூட்டித் தெருவுக்கு விட்டது போன்ற சாமான். ஆர்7 பார்ப்பதற்கு அதன் தம்பி போல இருக்கும். உள்ளே இருப்பது வேறு. 689 சிசி, இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 73 குதிரைவலு. சிபிஆர்650ஆர் 649 சிசி, நாலு சிலிண்டர், ஏறக்குறைய 94. இலக்கத்தை மட்டும் பார்த்தால் ஆர்7தான் பெரிய எஞ்சின், ஆனால் வலுக் குறைவு. பெடியளுக்கு இது தெரியும். அம்மாமாருக்குத் தெரியாது. தெரிந்தால் சண்டை வேறு மாதிரிப் போகும்.

ஓட்டத்தில் இரண்டுக்கும் குணம் வேறு. ஆர்7 6,500 சுற்றிலேயே தன் முழு இழுவையையும், 67 நியூட்டன் மீற்றரை, கொடுத்துவிடும். சிக்னலில் இருந்து எடுக்கவும், ஊருக்குள் மூன்றாம் கியரில் போகவும் முறுக்கத் தேவையில்லை. சிபிஆர் அப்படியில்லை. கீழ்ச் சுற்றில் பால்குடி போலச் சாதுவாக இருக்கும். அதன் உச்ச வலு 12,000 சுற்றில்தான் வரும். அந்த இடத்துக்குக் கொண்டுபோனால் வருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். மருமகனும் அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் வந்தான். ஆனால் அந்தச் சத்தத்தை ஒன்ராறியோ வீதியில் சட்டப்படி எத்தனை தரம் கேட்க முடியும்? இரண்டுமே இரண்டாம் கியரில் நூறைத் தாண்டும். 80க்குக் குறைந்த வீதியில் எல்லையைவிட 40 கூட ஓடினால், 2021 ஜூலையில் இருந்து அது "ஸ்ரன்ற் டிரைவிங்". அந்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்ஸ் போகும், பைக்கை 14 நாளுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். நீதிமன்றத்தில் குற்றவாளி என்று வந்தால் குறைந்தது 2,000 டொலர், கூடினால் 10,000. முதல் தரமே ஒரு வருடத்துக்குக் குறையாமல் லைசென்ஸ் இல்லை. பிறகு காப்புறுதிக்காரர் கதவைத் திறக்கவே மாட்டார்.

பிரித்தானியாவில் இருக்கும் சொந்தக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 19 வயதுப் பிள்ளைக்கு ஏ2 லைசென்ஸ்தான். 35 கிலோவாற், அதாவது 47 குதிரைவலு, அதுக்கு மேல் கிடையாது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு சோதனை பாஸ் பண்ணினால்தான் பெரியது. நேரே பெரியதற்குப் போவதென்றால் 24 வயது வேண்டும். இங்கே? 16 வயதில் எழுத்துச் சோதனையும் கண் சோதனையும் பாஸ் பண்ணி எம்1 எடுத்தவன் சட்டப்படி ஆர்6-இல் ஏறி இருக்கலாம். இரவில் ஓடக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, 80க்கு மேற்பட்ட ஹைவேயில் சிலதைத் தவிர மற்றதில் ஏறக்கூடாது, ஒரு துளி மதுவும் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. எஞ்சின் எவ்வளவு வலு என்று ஒருவரும் கேட்பதில்லை. இது ஒன்ராறியோ சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்பது என் அபிப்பிராயம். மாகாண சபை உறுப்பினர்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டு போகும்போது இதையும் ஒருவர் கேட்கலாம்.

அதுவரைக்கும் வீடு அந்த எல்லையைப் போடலாம். பிரித்தானிய விதியில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. வலுவைக் குறைத்து ஏ2-க்கு ஓடுவதென்றால் அந்தப் பைக்கின் அசல் வலு 70 கிலோவாற்றைத் தாண்டக்கூடாது. ஆர்7 54 கிலோவாற், உள்ளே வரும். சிபிஆர்650ஆர் சரியாக 70, விளிம்பில் வரும். ஆர்6 வரவே வராது. மருமகன் தெரிந்தெடுத்த இரண்டும் அந்தக் கோட்டுக்குள் இருப்பதைத் தங்கைக்குக் காட்டினேன். அவ ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "எரிச்சுப்போட்டு வா" என்ற கதை மட்டும் நின்றது.

எங்கட தகப்பன்மாரில் இன்னொரு சாதி இருக்கிறது. தடுக்காத சாதி. "நான் யாழ்ப்பாணத்தில ஓடாத சைக்கிளோ, விடு, ஓடட்டும்" என்பார்கள். உண்மைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் எம்டி90-ஐ இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் அவர்கள். அந்தக் கெட்டித்தனத்துக்கு முன்னால் நான் கைகட்டி நிற்பேன். ஆனால் 90 சிசியில் மண்ணெண்ணெய்ப் புகையோடு ஓடிய அனுபவம், 401-க்கு ஏறும் வளைவில் 94 குதிரையைத் திருகுவதற்கு உதவாது. அந்தப் பிள்ளையை ஒரு வார இறுதிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஹம்பரில் நடக்கிறது, வேறு இடங்களிலும் நடக்கிறது. சின்னப் பைக்கில் பிரேக் பிடிக்கவும் வளைவில் பார்க்கவும் சொல்லித் தருவார்கள். அங்கீகரித்த பயிற்சி எடுத்தால் எம்2 காலமும் 22 மாதத்தில் இருந்து 18 ஆகக் குறையும்.

இனிக் காசு. கடையில் எழுதி ஒட்டியிருக்கும் விலையில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. தூரம் காப்புறுதியில் வரும். நாங்கள் முற்பணம் கட்டுவதற்கு முதலே மாடல் பெயர், வருடம் எல்லாம் கொடுத்து மூன்று புரோக்கர்மாரிடம் கேட்டோம். ஒருவர் இரண்டையும் "ஸ்போர்ட்" என்று ஒரே பெட்டிக்குள் போட்டார். ஒருவர் எம்2 வரும்வரை கதையே வேண்டாம் என்றார். மூன்றாமவர் தந்த இலக்கம் முதலாமவர் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரே பெடியன், ஒரே பைக், ஒரே முகவரி. அதனால் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு "கட்டுபடியாகாது" என்று வந்து படுக்காதீர்கள். குளிர்காலத்தில் நிறுத்தினால் பாதிக் காசு மிஞ்சும் என்றும் எண்ண வேண்டாம். ஓடுகிற மாதங்களுக்கே பெரும்பங்கைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஒன்றைக் கொஞ்சம் உறைப்பாகவே சொல்ல வேண்டும். "அப்பாவின்ர பெயரில போட்டால் குறைவு" என்று எங்கட ஆக்களுக்குள் ஒரு யோசனை ஓடுகிறது. ஓடுவது மகன், தாளில் இருப்பது தகப்பன். ஒரு விபத்து நடந்தால் உண்மையை மறைத்தீர்கள் என்று சொல்லிக் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். இரண்டாயிரம் டொலர் மிச்சம் பிடிக்கப் போய் வீடு விற்கிற அளவுக்கு வரலாம். அதைவிட, நேரே பெயரைப் போட்டு, கூடுதல் காயப் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். வழமையான பொலிசியில், பேரழிவுக் காயம் என்று கணிக்கப்படாத காயத்துக்கு மருத்துவமும் புனர்வாழ்வும் சேர்த்து 65,000 டொலர்தான் எல்லை. கால் முறிந்து ஆறு மாதம் பிசியோவுக்குப் போனவர்களைக் கேட்டால் அது எவ்வளவு கெதியில் கரையும் என்று சொல்வார்கள்.

பிறகு உடம்பு. கடையில் போய் இரண்டிலும் ஏறி இருந்து பார்த்தோம். ஒரு நிமிடம் இல்லை, பதினைந்து நிமிடம் அப்படியே இரு என்றேன். விற்பனைப் பையன் சிரித்தான். ஆர்7-இன் ஹாண்டில் தாழ்வு. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் வந்து நிற்கும். பத்தாவது நிமிடத்தில் மருமகன் கையை உதறத் தொடங்கினான். சீற் உயரம் 835 மில்லிமீற்றர், அவனுடைய குதிக்கால் நிலத்தில் முட்டவில்லை. சிபிஆர் 810, இரண்டு பாதமும் பதிந்தது. ஆனால் ஆர்7 188 கிலோதான், சிபிஆர் அதைவிட இருபது கிலோ கூட. கராஜுக்குள் பின்னுக்குத் தள்ளும்போது அந்த இருபது கிலோ என்னவென்று தெரியும். பெற்றோல் தாங்கி 13 லீற்றருக்கு 15.4. நனைந்த தெருவில் பின் ரயர் சுழன்றால் தானே வலுவைக் குறைக்கும் ஏற்பாடு சிபிஆரில் உண்டு. 2022 முதல் 2025 வரை வந்த ஆர்7-இல் அது இல்லை. பழையது வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் ஏபிஎஸ் இருக்கிறது. ஏபிஎஸ் இல்லாத பழைய பைக் எதையும், இலவசமாகத் தந்தாலும், என் வீட்டு வாசலுக்கு வர விடமாட்டேன்.

என்னைக் கேட்டால் இவனுக்கு சிபிஆர். ஏஜாக்ஸில் இருந்து வேலைக்கு ஓட வேண்டும். சனி ஞாயிறில் கலிடன் பக்கம், ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் வீதிக்குப் போக வேண்டும் என்கிறான். அந்த வளைவுக்குப் போய்ச் சேருவதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நேர் ரோட்டு. மணிக்கட்டு வலியோடு வளைவுக்குள் போகிறவன் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கமாட்டான். ஆர்7 கெட்ட பைக் இல்லை. போமன்வில் பக்கத்து மொஸ்போட்டிலோ ஷானன்வில்லிலோ பந்தயத் திடலில் பயிற்சி நாளுக்குக் காசு கட்டிப் போகிற பிள்ளை என்றால், அந்த இலகுவான பாரத்துக்காகவும் அடங்கிய வலுவுக்காகவும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்7 என்பேன். வேகத்தைத் தெருவில் தேடாதவனுக்கு அது பொருந்தும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெடியளுக்குப் பிடிக்காத வழி. ஆர்7-இன் அதே எஞ்சின்தான் எம்டி-07-இல் இருக்கிறது. சிபிஆரின் அதே எஞ்சின் சிபி650ஆர்-இல் இருக்கிறது. முன்னால் மூடி இல்லை, ஹாண்டில் உயரம், நிமிர்ந்து இருந்து நாலு பக்கமும் பார்த்து ஓடலாம். தரிப்பிடத்தில் சரிந்து விழுந்தால் உடைவதற்குப் பிளாஸ்ரிக்கும் குறைவு. மூன்றாவது புரோக்கரிடம் சிபி650ஆர்-க்கும் கேட்டோம், இன்னும் குறைந்தது. மருமகன் முகத்தைச் சுளித்தான். "மாமா, அது பாக்க வடிவில்லை." வடிவில்லைத்தான். ஆனால் அந்த மிச்சத்தில் நல்ல ஹெல்மெற், முழங்கைக்கும் முதுகுக்கும் கவசம் வைத்த ஜக்கெற், கணுக்காலை மூடும் சப்பாத்து, கையுறை எல்லாம் வந்துவிடும். அரைக்காற்சட்டையும் செருப்புமாக ஆர்6-இல் பறக்கிற பிள்ளைகளைக் கோடையில் மார்க்கம் ரோட்டில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்.

தங்கை போன கிழமை எங்களோடு கடைக்கு வந்தா. சிபிஆரைச் சுற்றி ஒரு தரம் நடந்தா. விலையைக் கேட்கவில்லை, நிறத்தையும் கேட்கவில்லை. "அண்ணை, இதில எது பிரேக்?" என்று கேட்டா. மருமகன் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தொட்டுக் காட்டினான். எது எவ்வளவு பிடிக்கும், மழைக்குள் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினான். முற்பணம் இன்னும் கட்டவில்லை. பயிற்சிக்கு அடுத்த மாதம் இடம் கிடைத்திருக்கிறது, அதை முடித்துவிட்டு சிபி650ஆர்-இலும் ஒரு தரம் ஏறிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.