ஆராய்ச்சித் தொழிலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும்

திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர் சாலையிலுள்ள வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருப்பதால், பட்டாவுக்கும் பயிர்க்கடனுக்கும் மனுவோடு வரும் விவசாயிகள் அவ்வூரை நன்கறிவர். நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் இம்மாவட்டத்தில், பள்ளிப் படிப்பை நன்கு முடித்த பிள்ளையைப் பற்றிக் குடும்பத்தார் யோசிக்கும்போது, வைத்தியமும் இஞ்சினீயர் தொழிலுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஜீவ சாஸ்திரம் பயின்று ஆராய்ச்சி செய்ய விரும்பும் பிள்ளையைப் பார்த்து, "எப்பொழுது சம்பாதிக்கப் போகிறாய்?" என்று கேட்பது வழக்கமாயிருக்கிறது. கேள்வி நியாயமானதே. ஆயினும் அத்தொழிலின் பலனை முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு மட்டும் அளப்பது, நட்ட வருஷமே தென்னையில் காய் தேடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குக் கரும்பே தக்க சான்று. 1912-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் கரும்பு அபிவிருத்தி நிலையம் ஏற்பட்டது. கரும்பு பூத்து விதை பிடிப்பதற்கு அவ்வூர்ச் சீதோஷ்ணம் ஏற்றதாயிருந்தமையே அவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். பார்பர் என்ற ஆங்கிலேய நிபுணரும், அவருக்கு உதவியாயிருந்த டி. எஸ். வெங்கடராமனும், கழனிக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து புதிய வகையைத் தோற்றுவித்தனர். நாணலில் சர்க்கரை மிகக் குறைவெனினும், வறட்சியையும் குளிரையும் தாங்கும் வன்மை உண்டு. அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் வகை 1918-ல் வட இந்திய விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. பார்பருக்குப் பின் 1919-ல் பொறுப்பேற்ற வெங்கடராமன், 1942 வரையில் வேறு பயிரை நாடாது கரும்பிலேயே உழைத்தார். ஜாவா சர்க்கரையை நம்பியிருந்த இத்தேசத்தின் கரும்புச் சாகுபடியை அவ்வுழைப்பு மாற்றியமைத்தது.

பெண்மக்களுக்கும் இத்துறை மூடப்பட்டதன்று. தலைச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள், அமெரிக்காவில் உயர்ந்த பட்டம் பெற்று, 1934-ல் அந்நிலையத்தில் சேர்ந்தார். கரும்பினங்களின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்து, கலப்பு வேலைக்கு ஆதாரமான அறிவை வளர்த்தார். 1984-ல் காலமாகும் வரையில் அவர் தாவர ஆராய்ச்சியைக் கைவிடவில்லை.

இத்தகையோருடைய வாழ்வில் திருப்தி தந்தது எது? ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு, பல வருஷங்கள் அதனை விடாது தொடர்ந்ததும், அதன் விடை வயலில் பயனாக விளைந்ததைக் கண்டதுமே என்று கூறலாம். இன்று நமது மாவட்டத்திலும் பயிராகும் கோ 86032 என்னும் கரும்பை நோக்குக. எண்ணிலுள்ள 86 என்பது, அவ்வகைக்கு 1986-ல் பெயரிடப்பட்டதைக் குறிக்கும். பொதுச் சாகுபடிக்கு அது வெளியிடப்பட்டதோ 2000-ல். விவசாயப் பட்டப் படிப்புக்கு நான்கு வருஷம், மேற்பட்டத்துக்கு இரண்டு, டாக்டர் பட்டத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ ஆகின்றன. நல்ல கரும்பு உருவாகக் காத்திருக்கும் குடியானவன், நல்ல ஆராய்ச்சியாளர் உருவாகவும் காத்திருத்தல் முறையன்றோ?

இத்தொழிலில் இடையூறுகள் இல்லையென்று கூறுவதற்கில்லை. நிரந்தர ஸ்தானங்கள் சில, விரும்புவோர் பலர். பரிசோதனைகளிற் பெரும்பாலன பலிப்பதில்லை. ஆகையால் குடும்பத்தின் நிலைமையை ஆராயாமல் எல்லாப் பிள்ளைகளையும் இதில் புகுத்துதல் தகாது. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரீட்சைகளில் தேறியோருக்கு உபகாரச் சம்பளம் உண்டு என்பதையும், விதைக் கம்பெனிகளிலும் விரிவாக்கப் பணியிலும் அப்படிப்பு பயன்படும் என்பதையும் அறிந்து முடிவு செய்தல் நலம்.

ஆனால் வேலை தீர்ந்துவிட்டதென்று மட்டும் எவரும் எண்ணலாகாது. 2009-ல் வெளியாகி, வட இந்தியாவில் பெருமகசூல் தந்த கோ 0238 என்னும் கரும்பு, பின்னர்ச் செவ்வழுகல் நோயால் கடுமையாகத் தாக்கப்பட்டது. நோய்க்கிருமி மாறிக்கொண்டேயிருக்கிறது, ஆதலால் ஆராய்ச்சியாளரும் தலைமுறைதோறும் தோன்றவேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் மணிலா காய் பிடிக்காததை நேரில் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, எந்தக் கேள்வி கேட்கத்தக்கது என்பது தானே விளங்கும். பட்டணத்துப் பிள்ளை அதனைப் புதிதாய்க் கற்கவேண்டும்.

தண்டராம்பட்டு வட்டத்து வாழவச்சனூரில் 2014 முதல் விவசாயக் கல்லூரி நடைபெற்று வருகிறது. நிலச்சுவான்தார்கள் தம் பிள்ளைகளை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்று காட்டலாம்; பரிசோதனைப் பாத்திகளுக்குத் தம் நிலத்தில் சில சென்ட் ஒதுக்கிக் கொடுக்கலாம். கிராம உத்தியோகஸ்தர்கள், உபகாரச் சம்பளத்துக்கு வேண்டிய வருமான, ஜாதிச் சான்றுகள் காலதாமதமின்றிக் கிடைக்க உதவினால், அதுவும் ஆராய்ச்சிக்குச் செய்யும் பேருதவியாகும். விதைக்கரும்புக்கு நல்ல பாத்தியை ஒதுக்கி வைக்கும் குடியானவர்கள், அறிவுள்ள பிள்ளைக்குப் பத்து வருஷ அவகாசத்தையும் மனமுவந்து அளிப்பார்களாக.