அழைத்தவர் இல்லையேல் பொறுப்பவரும் இல்லையா?

விழா நாளில் மகிழ்ச்சியை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒருவன் இரவில் பிணமாகத் திரும்பினால், அதனை ஊழ் என்று சொல்லி உள்ளத்தை ஆற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடை ஊறிக் கிடக்கின்றது. மறுநாள் இரங்கலுரை வரும், இழப்பீட்டுத் தொகை வரும், உசாவற்குழு வரும். இவற்றோடு, “மக்கள் கட்டுப்பாடின்றி முண்டியடித்தனர்” என்னும் விளக்கமும் தவறாமல் வரும். இறந்தவன் தலைமேலேயே அவன் சாவின் பழியை ஏற்றிவைக்கும் அவ்விளக்கம் பொய் என்பதே இக்கட்டுரையின் உரை.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். சொல்லில் பிழை புகுந்தால் எண்ணத்தில் பிழை புகும். எண்ணத்தில் புகுந்த பிழை செயலில் வந்து முடியும். ஆங்கிலத்தார் இத்தகைய சாவுகளுக்கு இட்டு வழங்கும் சொல், வெருண்டோடும் மாட்டு மந்தையைக் குறிக்கப் பிறந்த சொல்லாகும். நம் செய்தித்தாள்களோ ‘தள்ளுமுள்ளு’ என்றும், ‘மிதிபட்டு மாண்டனர்’ என்றும் எழுதுகின்றன. உண்மை என்ன? கூட்டத்தில் சாகின்றவருள் பெரும்பாலார் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மார்புக்கூடு விரிய இடமின்றி, மூச்சடைத்துச் சாகின்றனர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் நால்வர் நிற்கும் வரை அவரவர் தம் காலால் நகரலாம். ஐவர்க்கு மேற்பட்டால் இடர் தொடங்கும். அறுவர் எழுவர் என்றாகிவிட்டால், அதன் பின் அது கூட்டமன்று, நீர்மம். அலை எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் அனைவரும் சாய்வர். முன்னே மூச்சுத் திணறுவது பின்னே நிற்பவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவனால் ஓரடி பின்வாங்க இயலாது. அந்நிலையில் கட்டுப்பாடு, ஒழுங்கு, பொறுமை என்பனவெல்லாம் பொருளற்ற சொற்கள். நீரில் மூழ்குபவனைப் பார்த்து ‘நீ ஏன் ஒழுங்காக மூச்சுவிடவில்லை?’ என்று கேட்பார் உண்டா?

ஆகவே, அந்நிலை வந்த பின் என்ன செய்வது என்பது கேள்வியன்று; அந்நிலை வாராமல் தடுக்கும் கடமை யாருடையது என்பதே கேள்வி.

தென்கொரியத் தலைநகராகிய சியோலில், இட்டேவான் என்னும் பகுதியில், 2022 அக்தோபர் 29-ஆம் நாள் காரிக்கிழமை இரவு நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஆண்டுதோறும் அந்நாளையொட்டி இளைஞர் மாறுவேடம் பூண்டு அங்குக் கூடுவது வழக்கம். அன்றும் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். முதன்மைச் சாலைக்கு இறங்கும் ஒரு முடுக்கு; அகலம் ஏறத்தாழ 10 அடி, நீளம் ஏறத்தாழ 130 அடி; தரையோ சரிவு. மேலிருந்து இறங்குவாரும் கீழிருந்து ஏறுவாரும் அம்முடுக்கிலேயே எதிர்ப்பட்டனர். மாலை 6.34 மணிக்கே ஒருவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் அழைத்து, மக்கள் நசுங்கிச் சாகக்கூடும் என்று அறிவித்துவிட்டார். பேரிடர் நேர்ந்ததோ இரவு 10.15 மணியளவில். இடைப்பட்ட பொழுதில் இத்தகைய அழைப்புகள் ஒன்றன்று, இரண்டன்று. முதலழைப்போடு சேர்த்துப் பதினொன்று! அவற்றுள் நான்குக்கு மட்டுமே காவலர் நேரில் அனுப்பப்பட்டனர். முடிவில் 159 உயிர்கள் போயின.

கட்டுப்பாடற்றவர் என்று பழிக்கப்படும் அதே மக்கள்தாம் மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் கூவிக்கூவி எச்சரித்தனர். கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டிய அரசுதான் செவிடாக இருந்தது.

அதன்பின் அந்நாட்டு அலுவலர் சொன்ன மறுமொழி யாது? “இவ்விழாவை நடத்துவார் என்று எவரும் இலர்; மக்கள் தாமே வந்து கூடினர்; ஆகவே பாதுகாப்புத் திட்டம் வகுக்கும் கடமை எவர்க்கும் இல்லை” என்பதே. அப்பகுதிக் காவல் தலைவர்க்கு 2024 செப்தம்பரில் முதல்நிலை முறைமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. ஆயின் அதே மன்றம் அப்பகுதி உள்ளாட்சித் தலைவரை விடுவித்தது. நடத்துவார் இல்லாத கூட்டத்துக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று சட்டம் அவர்க்குக் கட்டளையிடவில்லையாம்! அந்த ஓட்டையை அந்நாடு பின்னர்ச் சட்டத்தைத் திருத்தி அடைத்தது; நடத்துவார் இல்லாத விழாவுக்கும் உள்ளாட்சியே பொறுப்பு என்றது. கண்கெட்ட பின் ஞாயிறு வணக்கம்!

இது கொரியர்க்கு மட்டும் உரிய குறையன்று. சாங்காய் மாநகரின் ஆற்றங்கரையில் 2014 திசம்பர் 31-ஆம் நாள் இரவு, புத்தாண்டை வரவேற்கக் கூடிய மக்களுள் 36 பேர் ஒரு படிக்கட்டில் நசுங்கி மாண்டனர். அவ்வாண்டு ஒளிக்காட்சியை வேறிடத்துக்கு மாற்றியிருந்தனர். மாற்றிய செய்தியை மக்களுக்கு உரிய காலத்தில் உரியவாறு உணர்த்தவில்லை. காட்சி இல்லை என்பதால் காவலரும் குறைவு. ஆயின் மக்கள் வழக்கம்போல் வந்துவிட்டனர். ஏறுவாரும் இறங்குவாரும் ஒரே படிக்கட்டில் மோதினர். இட்டேவானின் முடுக்குக்கும் சாங்காயின் படிக்கட்டுக்கும் என்ன வேறுபாடு? ஏறவும் இறங்கவும் தனித்தனி வழி வகுத்திருந்தால், இரண்டிடத்தும் எத்துணை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

இனி நம் மண்ணுக்கு வருவோம். காணும் பொங்கலன்று சென்னை மெரினாக் கடற்கரையில் நூறாயிரக்கணக்கானோர் கூடுகின்றனரே, அவர்களை அழைத்தவர் யார்? எவரும் இலர். உழவனும் உழைப்பாளியும் தம் பெண்டு பிள்ளைகளோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கடலைக் காணவும் உறவைக் காணவும் தாமே வருகின்றனர். நடத்துவார் இல்லாத நம் பெருவிழா அது! அங்கே காவலர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுகின்றனர். கடலில் இறங்காதபடி கட்டைகளால் வேலியிடுகின்றனர். இதனை யாம் மனமுவந்து பாராட்டுகின்றோம். திட்டமிடல் என்பது பெரும்பொருட் செலவன்று, முன்னெண்ணமே என்பதற்கு அந்தச் சிறு பட்டையே சான்று. குழந்தை தொலையக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிய ஒரு மூளை இருந்தது. அதனால் தாய் பிள்ளையைக் கண்டடைகின்றாள். அந்த முன்னெண்ணத்தை ஏன் அத்தோடு நிறுத்த வேண்டும்?

நிறுத்தினால் என்னாகும் என்பதையும் அதே கடற்கரையில்தான் கண்டோம். 2024 அக்தோபர் 6-ஆம் நாள் வான்படையின் வானூர்திக் காட்சி நடந்தது. அதற்கு அழைத்தவரும் இருந்தனர்; நடத்தியவரும் இருந்தனர். நண்பகல் வெயிலில் மக்கள் கூடினர். காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே வேளையில் திரும்ப முற்பட்டனர். சாலைகள் அடைபட்டன, தொடர்வண்டி நிலையங்களில் கால்வைக்க இடமில்லை, நீருக்கும் நிழலுக்கும் மக்கள் தவித்தனர். ஐவர் மாண்டனர். வானத்தில் வானூர்தி செல்லும் வழியை நொடிக்கணக்கில் வகுக்கத் தெரிந்த நாட்டில், தரையில் மாந்தன் வீடு திரும்பும் வழியை வகுக்க முடியவில்லையா? வருவதற்கு வழி சொன்னவர், போவதற்கும் வழி சொல்லியிருக்க வேண்டாவா?

“இத்துணைப் பெருங்கூட்டத்தை எவராலும் காக்க இயலாது” என்பார் உளர். அவர்க்குக் குடந்தை விடை சொல்லும். 1992 மாமகத்தில் ஊர் நடுவே உள்ள குளக்கரையில் ஏறத்தாழ ஐம்பதின்மர் மாண்டனர். 2004-இலும் 2016-இலும் அதே குளத்தில் மக்கள் பெருவெள்ளமாய்க் கூடினர். அத்தகைய பேரழிவு நேரவில்லை. குளம் அதுவே, ஊரும் அதுவே, கூடியவரும் இதே மக்களே. மாறியது யாது? முன்னேற்பாடு ஒன்றே!

“அங்ஙனமாயின் கூட்டத்தையே தடைசெய்துவிடலாமே” என்பது மற்றொரு கூற்று. இது சோம்பேறியின் அறிவுரை. விழா எளியோர்க்கு ஆண்டில் ஓரிரு நாள் கிடைக்கும் ஓய்வு. செல்வர்க்குத் தோட்டமும் மாளிகையும் உண்டு; எளியோர்க்குக் கடற்கரையும் தெருவுமே உண்டு. அவற்றை அடைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது ஆட்சியாகாது. தடையை மீறி மக்கள் வரத்தான் செய்வர். அப்போது வழி வகுப்பார் இன்றி, இடர் இருமடங்காகும்.

ஆகலின் யாம் கேட்பவை இவை. ஓரிடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று முன்னரே அளந்து வரையறுக்க வேண்டும். போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்று பிரிக்க வேண்டும். அளவு மீறும்போது வாயிலை அடைக்கவும், பேருந்தையும் தொடர்வண்டியையும் திருப்பிவிடவும் முழு உரிமை பெற்ற ஓர் அலுவலர் அவ்விடத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேலிடத்தைக் கேட்டு நிற்பவர் அதற்கு உதவார். நோயாளி ஊர்திக்கு எவரும் புகாத ஒரு வழி திறந்தே கிடக்க வேண்டும். நீரும் நிழலும் கழிப்பிடமும் பெருமக்களின் மேடையருகே மட்டுமன்றி மக்கள் நிற்கும் இடமெங்கும் வேண்டும். ‘நசுங்குகின்றோம்’ என்று மக்களுள் ஒருவர் அழைத்தால், அடுத்த அழைப்பு வரும்வரை காத்திராமல் அக்கணமே காவலர் செல்ல வேண்டும். இத்திட்டம் முழுவதையும் விழாவுக்கு முன்பே, எளிய தமிழில், பொறுப்பாளரின் பெயரோடு வெளியிட வேண்டும்.

பெயர் வெளிவந்தால்தான் பொறுப்பு வரும். பொறுப்பு இல்லாத இடத்தில் இரங்கலுரை மட்டுமே வரும்.

தெரு அரசினுடையது, தெருவில் கடை வைப்பவனிடம் வரி பெறுவது அரசு, பேரணிக்கு இசைவு தருவதும் மறுப்பதும் அரசு. மக்கள் சாகும்போது மட்டும் ‘எம்மை எவரும் அழைக்கவில்லை’ என்று அது கைவிரிக்கலாமா? வரி வாங்க வருபவன் எந்த அழைப்பிதழைக் கண்டு வந்தான்?

தமிழ் மக்களே! அடுத்த தைத்திங்கள் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டும் முன், உங்கள் மாநகராட்சி உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அன்று எங்களுக்குப் பொறுப்பாளர் யார்?” அவர் ஒரு பெயரைச் சொல்லும் வரை, விடாமல் கேளுங்கள்!