செத்த காருக்கு உயிருள்ள ஆர்.சி.

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. செம்பூரில் வசிக்கும் என் நண்பர் வெள்ளம் வடிந்த பிறகு கீழே போய்க் கார்க் கதவைத் திறந்தால், சீட்டு வரை சேறு. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து, "டோட்டல் லாஸ்" என்று எழுதிவிட்டார். நண்பர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். செக் வந்தது. ஏலத்தில் எடுத்தவர் காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். "தலை முழுகியாயிற்று" என்று நண்பரும் நிம்மதியாக இருந்தார்.

மூன்று வருடம் கழித்து, வட மாநிலம் ஒன்றிலுள்ள விபத்து நஷ்டஈட்டு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அந்த 'செத்துப்போன' கார் அங்கே ஒரு சைக்கிள்காரரை இடித்துக் காலை முறித்திருக்கிறது. காருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஓட்டியவர் ஓடிவிட்டார். ஆர்.சி.யில் இருந்த பெயரோ நம் நண்பருடையது! நாலைந்து முறை ரயிலேறி அலைந்து, கடைசியில் கைப்பணத்தைக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு வந்தார்.

இது அவருடைய தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் இன்றும் நம்மில் யாருக்கும் இப்படி நேரலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

டோட்டல் லாஸ் என்பது மெக்கானிக் சொல்லும் தீர்ப்பு அல்ல, கணக்குப்பிள்ளை சொல்லும் தீர்ப்பு. ரிப்பேர்ச் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். 4 லட்சம் மதிப்புள்ள காருக்கு கம்பெனி ஒர்க்‌ஷாப் மூன்றே கால் லட்சம் எஸ்டிமேட் கொடுத்தால் கதை முடிந்தது. அதே காரை, பழைய பாகங்களைப் போட்டு, தெருமுனை காரேஜ்காரர் அதில் பாதிச் செலவில் ஓட வைத்துவிடுவார். ஆகவே அது ஏலத்துக்குப் போகிறது. மறுபடி ரோட்டுக்கும் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ, இனி நிரந்தரமாக உபயோகிக்கவே முடியாது என்றானாலோ, சொந்தக்காரர் 14 நாட்களுக்குள் அல்லது கூடிய சீக்கிரத்தில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 'நிரந்தரமாக முடியாது' என்பது வேறு, '75 சதவிகிதத்துக்கு மேல்' என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் எல்லாக் கோளாறும் நுழைகிறது. கம்பெனி பணம் கொடுத்ததோடு சரி. சொந்தக்காரர் பணம் வாங்கியதோடு சரி. ஏலம் எடுத்தவர், பூர்த்தி செய்யாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30-ஆம் நம்பர் படிவங்களை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே அடுத்தவருக்கு விற்கிறார்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காரைப் பல கை மாற்றி விற்றிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் நண்பர் பட்ட பாட்டுக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு விபரீதமும் உண்டு. நொறுங்கிய காரின் இரும்பைவிட அதன் ஆர்.சி.க்கு மதிப்பு அதிகம். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, செத்த காரின் சேஸிஸ் நம்பரை அதில் பதித்துவிட்டால் திருட்டு வண்டி நல்ல வண்டியாகிவிடும். வட இந்தியாவில் போலீஸார் இப்படிப்பட்ட கும்பல்களைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் நசுக்கிவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கலாம். நான் அதற்கு உடன்பட மாட்டேன். நன்றாக ரிப்பேர் செய்த கார், புதுக்கார் வாங்க முடியாத ஒரு குடும்பத்துக்கு வரப்பிரசாதம். மெக்கானிக்கின் கைத்திறனைக் குற்றமாக்குவதும் நியாயமல்ல. குற்றம் ரிப்பேரில் இல்லை, அதை மறைப்பதில் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடம் ஆர்.டி.ஓ. பரிசோதனையே கிடையாது. விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டியிருந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்பது மூன்றே காரியங்கள். டோட்டல் லாஸ் பணம் பட்டுவாடா ஆகும் அன்றே, இன்சூரன்ஸ் கம்பெனியே ஆர்.டி.ஓ.வுக்கு அறிவித்து அந்த ஆர்.சி.யை நிறுத்தி வைக்க வேண்டும். ரிப்பேர் முடிந்ததும் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், பிரேக், ஸ்டியரிங், உதிரிபாக ரசீதுகள் எல்லாவற்றையும் சரிபார்த்து, புது சொந்தக்காரர் பெயரில் மறுபதிவு செய்ய வேண்டும். 'டோட்டல் லாஸுக்குப் பின் ரிப்பேர் செய்தது' என்ற ஒரு வரி அந்த ஆர்.சி.யில் கடைசிவரை இருக்க வேண்டும். பிரிட்டனில் இத்தகைய வண்டிகளை, நசுக்க வேண்டியவை, திரும்ப ஓடலாமென்பவை என்று வகை பிரித்துவிடுகிறார்கள். இங்கும் வாகனப் பதிவுகள் 'வாஹன்' கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட பிறகு, ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமா?

அது வரும்வரை நம் காவல் நம் கையில். டோட்டல் லாஸ் செக் வாங்குமுன், ஆர்.சி. ரத்தாகுமா, யார் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வைத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். செம்பூர் நண்பர் இப்போது பழைய ஸ்கூட்டரைப் பக்கத்துத் தெருக்காரருக்கு விற்றால்கூட, பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறார்.