‘புதர்’ என்று எழுதினால் போதுமா?



சர்வே கேம்ப் போய் வந்த எல்லாருக்கும் அந்த ஃபீல்டு புக் நினைவிருக்கும். மலைச்சரிவில் வெயிலில் காய்ந்து ரீடிங் எல்லாம் எடுத்த பிறகு, குறிப்பு எழுதும் இடத்தில் என்ன எழுதினோம்? ‘புதர்’. ஒரே சொல்! சில குரூப் ‘தரிசு’ என்றே எழுதியது.

எங்கள் கேம்ப் ஆண்டிபட்டி மலையடிவாரத்தில். மழை மறைவுப் பகுதி, கல்லும் முள்ளுமான சரிவு. என் அப்பத்தா ஆடு மேய்த்தது அங்கேதான். எட்டாவது படிக்கும்வரை லீவு நாளில் நானும் கூடப் போயிருக்கிறேன். “இது என்ன செடி, யாருக்காவது தெரியுமா?” என்று சார் கேட்டார். எனக்குத் தெரியும். விராலி. பக்கத்தில் சூரை, அதற்கப்புறம் காரை, ஓரமாகக் கிளுவை. ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால் ‘ஆடு மேய்ச்ச பய’ என்று பேர் வைத்துவிடுவார்களோ என்று பயம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேசாமல் ‘புதர்’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 2000-ல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில அட்லஸில் புதர் நிலமும் ஒரு தரிசு வகை. 2019 பதிப்பிலும் அப்படித்தான். ஆனால் 1968-ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் இந்த மாதிரி நிலத்தை முள்காடு, முள்புதர் என்று காட்டுக் கணக்கில் வைத்தார்கள். ஒருத்தருக்குக் காடு, இன்னொருத்தருக்குத் தரிசு! தரிசு என்று பேர் விழுந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிடும். நாளைக்கு அந்த வரைபடத்தைப் போடப்போவது நாம்தானே?

அளப்பது ஒன்றும் கஷ்டமில்லை. 30 மீட்டர் டேப்பைச் சரிவில் நேராக நீட்ட வேண்டும். டேப் கோட்டின் மேல் எந்தச் செடியின் தழை விழுகிறதோ, அது தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பேரோடு குறிக்க வேண்டும். விராலி மொத்தம் 9 மீட்டர், சூரை 3 மீட்டர் வந்தால், விராலி 30 சதவீதம், சூரை 10 சதவீதம். அவ்வளவுதான்! மேய்ச்சல் நிலங்களை அளக்க 1941-ல் அமெரிக்காவில் கேன்ஃபீல்ட் என்பவர் எழுதிய முறை இது. எத்தனை செடி என்று தெரிய வேண்டுமானால் 5-க்கு 5 மீட்டர் கட்டம் கட்டி எண்ணலாம். 20 டிகிரி சரிவில் 30 மீட்டர் டேப், பிளானில் 28.19 மீட்டர்தான். இந்தக் கணக்கு நமக்குத் தண்ணி பட்ட பாடு!

ஒரு எச்சரிக்கை. முள் குத்துகிறதே என்று டேப்பை ஒதுக்கிப் பிடித்தால் கணக்கே பொய். (நாங்கள் பிடித்தோம்!) பாதையோரம் மட்டும் அளந்தாலும் பொய். அடிவாரம், நடுச்சரிவு, மேல்சரிவு மூன்றிலும் போட வேண்டும். கோடையில் போனால் பல செடி மொட்டையாக நிற்கும், அடையாளம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து போவதே நல்லது.

சரி, பேருக்கு எங்கே போவது? கேம்ப் முடிந்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அப்பத்தா சிரித்துவிட்டது. “ஏண்டா, வெறும் பொதருன்னா எழுதிட்டு வந்த? விராலி மட்டும் மண்டிக் கெடந்தா, மத்ததெல்லாம் ஆடு தின்னு தீத்துருச்சுன்னு அர்த்தம்டா. விராலிய ஆடு கடிக்காதுல்ல!” நாங்கள் நாலு நாள் நின்றும் அந்தச் சரிவில் இதைப் பார்க்கவில்லை.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த கேம்பில் ஃபீல்டு புக்கில் செடிக்கு ஒரு காலம் வேண்டும். உள்ளூரில் ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் கூலி கொடுத்து ஒருநாள் கூட்டி வர வேண்டும். அப்பத்தாவிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்கிறது. காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும்.