சாவியைக் கொடுத்த கை



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் ஒரு தாய் காத்து நின்றார். தூரத்து உறவுக்காரர். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். அவர் விடுமுறையில் வந்தபோது வாங்கிய கார் வீட்டில் நிற்கிறது. மகனுக்குப் பதினேழு வயது.

"மௌலவி, காலையில பாண் வாங்கி வாறன் உம்மா என்று சாவியக் கேட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தன்" என்றார். சந்தியில் சைக்கிளில் வந்த ஒரு மேசன் மீது கார் மோதிவிட்டது. அவருக்குக் கால் முறிவு. காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது.

அவர் கேட்க வந்த கேள்வி இதுதான்: "காருக்கு முழுக் காப்புறுதி இருக்கு. மகனுக்கு லைசன் இல்ல, என்ட தம்பிக்கு இருக்கு. தம்பிதான் ஓட்டினான் என்று சொன்னால் காசு கிடைக்குமாம். சொல்லலாமா?"

கூடாது என்றேன். அவர் அழுதுவிட்டார். மகன் கேட்டுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். பொய் வாக்குமூலத்தால் வரும் பணம் ஹலாலாகாது. அதைவிட, தவறு செய்தால் பெரியவர்கள் பொய் சொல்லிக் காப்பாற்றுவார்கள் என்ற பாடத்தை அன்று அந்தப் பிள்ளை படித்திருப்பான்.

மறுநாள் பொலிஸில் உண்மையைச் சொன்னார்கள். காரைத் திருத்தும் செலவைத் தரக் கம்பனி மறுத்துவிட்டது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டினால் நட்டஈடு இல்லை என்பது காப்புறுதிப் பத்திரத்திலேயே இருந்தது. வீட்டில் யாரும் அதை வாசிக்கவில்லை. தாய் தன் இரண்டு காப்புகளை விற்று, கூலி இழந்த மேசனின் குடும்பத்துக்குச் செலவு கொடுத்து வருகிறார்.

நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது நம் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. நம் காருக்கு வரும் சேதத்துக்கு முழுக் காப்புறுதி வேண்டும். எதுவாயினும், பதினெட்டு வயது நிரம்பாதவருக்குக் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கிடையாது. அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வாகனத்தைக் கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே.

"காப்புறுதியே ஹராம்தானே, பிறகு ஏன் இந்தப் பேச்சு?" என்று சில சகோதரிகள் கேட்பார்கள். 1985இல் ஜித்தாவின் சர்வதேச பிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதியைத் தடுத்து, பரஸ்பர உதவியில் அமைந்த காப்புறுதியை மாற்று வழியாகக் காட்டியது. தகாபுல் என்னும் அம்முறை நம் நாட்டிலும் உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத் உண்டு என்பதும், அதனை உறவினர் கூட்டாகச் சுமப்பர் என்பதும் ஷரீஅத் சட்டம். "வேண்டுமென்று செய்யவில்லையே" என்ற சொல் பாதிக்கப்பட்டவரின் ஹக்கை அழித்துவிடாது.

பிள்ளை வாகனம் கேட்கும் வயதுக்கு வந்துவிட்டால் இவற்றைச் செய்யுங்கள்:

1. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, யார் யார் ஓட்டலாம் என்பதைப் பாருங்கள். மொழி விளங்காவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

2. பிள்ளை பயிலுநராக ஓட்டும்போது காப்புறுதி செல்லுமா என்று கம்பனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

3. அனுமதிப்பத்திரம் கிடைத்ததும், பிள்ளையும் ஓட்டுவான் என்பதை மறைக்காமல் அறிவியுங்கள். இளம் சாரதி ஓட்டி விபத்து நடந்தால், நட்டத்தில் கூடுதல் பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று சில பத்திரங்களில் இருக்கும். தவணைப் பணம் கூடினாலும் உண்மையைச் சொல்வதே மேல்.

4. அதுவரை சாவியை உங்கள் கையில் வைத்திருங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் அந்தப் பொறுப்பு முழுதும் உங்களுடையது.

"பக்கத்துக் கடைக்குத்தானே" என்று மகன் கெஞ்சுவான். அந்த மேசனும் பக்கத்துத் தெருவுக்குத்தான் வேலைக்குப் புறப்பட்டார். மகன் மனம் நோகுமே என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், அவர்கள் செல்லும் பாதையில் வருபவர்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.