குழந்தைக்கும் ரத்த அழுத்தமா?

ரத்த அழுத்தம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யார்? ஊறுகாய் ஜாடியை ஏக்கத்துடன் நோக்கிக் கொண்டிருக்கும் தாத்தாதான். அவர் கையில் மாதந்தோறும் பட்டையைக் கட்டி அளந்து பார்க்கிறோம். அவர் மடியில் விளையாடும் பேரனின் கையில் ஒரு தடவையேனும் கட்டிப் பார்த்ததுண்டா? பெரும்பாலான வீடுகளில் இல்லை என்றே சொல்ல வேண்டும். இந்த அலக்ஷியத்தினால் விளையக்கூடிய தீங்கை எடுத்துக் காட்டவே இவ்வாரம் எழுதலானேன்.

பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்கு அநேகமாகத் தனிக் காரணம் ஒன்றும் அகப்படுவதில்லை. சிறு குழந்தையின் விஷயம் அப்படியன்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அழுத்தம் மிகுந்திருந்தால், வேறொரு வியாதி அனுப்பிய ஓலையாக அது இருக்கலாம். அவ்வோலை பெரும்பாலும் புறப்படும் இடம் சிறுநீரகம்.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. உடம்பில் உப்பும் ஜலமும் எவ்வளவு தங்கலாம் என்று நிர்ணயிப்பதும் அதுவே. தன்னிடம் வரும் ரத்தம் குறைந்தால் ‘ரெனின்’ என்னும் வஸ்துவைச் சுரந்து, அதன் மூலம் ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. 1934-ம் வருஷத்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க டாக்டர், நாய்களின் சிறுநீரக நாடியைச் சிறு கவ்வியால் நெருக்கினால் ரத்த அழுத்தம் உயர்ந்து நிற்பதைக் காட்டினார். 1938-ல் லெட்பெட்டர், பர்க்லண்ட் என்னும் அமெரிக்க வைத்தியர்கள், கடும் ரத்த அழுத்தத்தால் வருந்திய ஐந்து வயதுச் சிறுவனுக்குப் பழுதுபட்ட ஒரு சிறுநீரகத்தை அகற்றியதும் அழுத்தம் இறங்கியதை வெளியிட்டார்கள். காரணம் தெரிந்தது, நிவாரணமும் கிடைத்தது.

காரணத்தைக் காண்பது எப்படி? முதலில் சரியாக அளக்க வேண்டும். தாத்தாவின் பட்டை பேரனுக்கு உதவாது. பட்டை குறுகியிருந்தால் பொய்யாக அதிகம் காட்டும். அகன்றிருந்தால் குறைத்துக் காட்டும். அதனுள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் மேற்கையின் சுற்றளவில் நூற்றுக்கு 40 பங்காவது இருக்க வேண்டும். குழந்தை அழாமல் ஐந்து நிமிஷம் அமர்ந்த பிறகே அளக்க வேண்டும். ஒரு நாள் அதிகமிருந்தால் மட்டும் போதாது. அவசர நிலை இல்லாதபோது, வெவ்வேறு மூன்று தினங்களில் அளந்தே முடிவு செய்வார்கள். வயது, உயரம், ஆணா பெண்ணா என்பவற்றுக்கேற்ப அளவும் மாறும். தாத்தாவுக்கு இருந்தால் வைத்தியர் சந்தோஷத்துடன் தலையசைக்கும் 120/80, நான்கு வயதுக் குழந்தைக்கு அபாய அறிவிப்பு.

அடுத்தபடி வைத்தியர் சில கேள்விகள் கேட்பார். தாய்மார்கள் இவற்றுக்கு யோசித்து விடை சொல்ல வேண்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்து, தொப்புள் நாடி வழியே குழாய் செலுத்தப்பட்டதா? காரணம் தெரியாத ஜுரம் அடிக்கடி வந்ததா? சிறுநீர்ப் பாதையில் திரும்பத் திரும்ப ஏற்படும் தொற்று சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து சில வாரங்களில் முகம் வீங்கிச் சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறமாயிற்றா? அப்படியானால் தாமதியாமல் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

பரீக்ஷைகளில் முதன்மையானது மிக எளியது; சிறுநீரில் புரதமும் ரத்தமும் உண்டா என்று பார்ப்பதே அது. பிறகு ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகள். அப்பால் சிறுநீரகங்களின் அல்ட்ராஸௌண்டு படம். கை கால் நான்கிலும் நாடி பார்ப்பதும், காலிலும் அழுத்தம் அளப்பதும், வயிற்றில் குழல் வைத்துக் கேட்பதும் அவசியம். ஏனெனில், பெருநாடியையும் அதன் கிளைகளையும் சுருக்கிவிடும் டகாயாசு நோய் நம் நாட்டுக் குழந்தைகளிடம் சிறுநீரக நாடி சுருங்குவதற்கு ஒரு முக்கிய காரணம். அச்சந்தேகம் எழுந்தால் நாடிகளைத் தனியே படம் பிடிப்பார்கள். ஆனால் ஆறு வயதைத் தாண்டி, உடல் பருத்து, பெற்றோருக்கும் ரத்த அழுத்தம் உள்ள பிள்ளைக்கு, வேறு கோளாறு ஒன்றும் தென்படாவிட்டால், இத்தனை பரீக்ஷைகளும் தேவைப்படுவதில்லை.

காலையில் கண் இமை வீங்கினால் “சதை போட்டிருக்கிறான்” என்று மகிழ்கிறோம். தலைவலி என்றால் மூக்குக் கண்ணாடி வாங்குகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் திருஷ்டி கழிக்கிறோம். கழிக்கட்டும், கழித்த கையோடு வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். மூன்று வயது முதல் வருஷம் ஒரு முறையும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதற்கு முன்பே தொடங்கியும், அழுத்தம் பார்க்கும்படி நாமே கேட்க வேண்டும். சிறுநீரகம் வலியால் கூவி அழைப்பது அபூர்வம். பெரும்பகுதி கெடும் வரையில் மௌனமாகவே இருந்துவிடும். அந்த மௌனத்தைக் கலைக்க ஒரு சிறிய பட்டையும் ஐந்து நிமிஷமும் போதும்.